ரத்தத்தில் எது கூட, எது கம்மி

2024 ஜூலை 9

வாயில் மறுபடியும் புண். நாக்கு ஓரத்தில், கன்னத்துக்கு உள்பக்கத்தில், இப்போது உதட்டுக்குக் கீழேயும். மதியம் கம்பெனி கேன்டீனில் சாம்பாரை வாயில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து மெஷின் அக்தரி அக்கா தன் டப்பாவிலிருந்த தயிர்ச்சோற்றை என் தட்டில் தள்ளிவிட்டு என் சாம்பார் சோற்றை இழுத்துக்கொண்டார். "துன்னு. பேசாத." பேசினாலும் வலிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சித்திரையில் ஆரம்பித்தது. காய்ச்சல் விட்டு வேலைக்குப் போனால் சளி. சளி விடுவதற்குள் வாய்ப்புண். புண் ஆறினால் திரும்பக் காய்ச்சல். எனக்கு முன்பெல்லாம் இப்படி வராது. லைனில் ஷூவின் மேல்தோலைத் தைக்கும்போது கை நடுங்குகிறது. சூப்பர்வைசர் இன்று நான் தைத்ததைத் திருப்பி அனுப்பினார். என் தையல் திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

கொரோனா சமயத்தில் கம்பெனியில் எல்லோருக்கும் ஜிங்க் மாத்திரை கொடுத்தார்கள், எதிர்ப்புச் சக்திக்கு. மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. அக்தரி அக்காவின் மகன் துபாயிலிருந்து பெரிய டப்பாவாக அனுப்புகிறான், அக்கா எனக்கும் தருகிறார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதுவும் இல்லாவிட்டால் என் கதி என்ன ஆகியிருக்குமோ.

2024 ஜூலை 17

தனகோடி அண்ணன் வந்திருந்தார். நாலு வீடு தள்ளி இருக்கிறவர். அவர் தென்னந்தோப்பில் பாதி மரம் மண்டை காய்ந்து நிற்கிறது. தோல் பதனிடுகிற டேனரித் தண்ணீர் நிலத்தில் இறங்கித்தான் மரம் போனது என்று பல வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார். இப்போது ஆற்றோரத்து டேனரியைப் பெரிதாக்கப் போகிறார்களாம். அதற்கு ஊர்க்காரர்களிடம் கருத்து கேட்டுக் கூட்டம் போடுவார்களாம்.

என்னைப் பார்த்ததும், "இன்னாமா இப்டி ஆய்ட்ட? வத்தலாட்டம் இருக்க," என்றார். காய்ச்சல், புண் எல்லாம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "குரோமியம்மா. டேனரில தோலுக்குப் போடுறது. ரத்தத்துல ஏறிடுச்சு. எதிர்ப்பு சக்திய அது துன்னுடும். நீ கூட்டத்துல வந்து சொல்லு. மரம் செத்துச்சுன்னா எவனும் கேக்க மாட்டான். மனுசி சொன்னா கேப்பான்."

அந்த டேனரியில்தான் என் வீட்டுக்காரர் டிரம்மில் வேலை செய்கிறார். தோலை நீலமாக்கி எடுக்கிற டிரம். அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவப் போனவர் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகத்தான் இருக்கிறது. குடிப்பதில்லை. கேன் தண்ணீர்தான். ஆனால் குளிக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம், அரிசி களைகிறோம். அது சேருமா சேராதா?

2024 ஜூலை 28

ஆம்பூர் டாக்டர் ரத்தம் கம்மி என்றார். இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். மாத்திரையை அட்டையிலிருந்து எடுத்தால் துருவாட்டம் இருக்கிறது.

2024 ஆகஸ்ட் 5

கம்பெனிக்காரப் பெண் ஒருத்தி போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஒருவர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறார். உடம்பில் உலோகத்துக்கு உலோகம் போட்டியாம். ஈயம், காட்மியம், இதெல்லாம் ஜிங்க் உட்கார வேண்டிய நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்ளுமாம். ஜிங்க் நிறைய இருந்தால் அவற்றை எழுப்பி விரட்டிவிடுமாம். 'தொழிற்சாலைப் பகுதியில் இருப்பவர்கள் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறார்.

இரண்டு தரம் பார்த்தேன். எங்களுக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. அப்படியானால் நான் எடுத்துக்கொள்வது போதாது. இனி காலையில் இரண்டு, மதியம் ஒன்று, ராத்திரி இரண்டு. குமட்டுகிறது. விஷம் வெளியே போகும்போது அப்படித்தான் இருக்கும் என்று வீடியோவின் கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்.

மகள் மோகனாவுக்கும் கொடுக்கலாமா என்று யோசித்தேன். "எனக்கு வேணாம், வாந்தி வருது," என்று சொல்லிவிட்டு வாணியம்பாடி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். காலேஜ் போகிற பெண்ணைக் கட்டாயப்படுத்த முடியுமா?

2024 ஆகஸ்ட் 19

இன்று ஒரு கூத்து. கம்பெனி வேனிலிருந்து இறங்கி வீடுவரை நடந்து வந்துவிட்டேன். வாசலில் வந்து பார்க்கிறேன், இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. கல் குத்தியிருக்கிறது, பாதத்தில் ரத்தம். வலி தெரியவில்லையே!

மோகனா சிரித்தாள். பிறகு என் பாதத்தைக் கிள்ளினாள். "தெரியுதா?" என்றாள். "கிள்ளுறியா?" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

குரோமியம் காலுக்கும் போகுமா?

2024 செப்டம்பர் 3

வேலூர். பெரிய ஆஸ்பத்திரி. படுக்கையில் இருந்துதான் எழுதுகிறேன்.

தொடையில் சின்னக் கட்டி மாதிரி வந்தது. மறுநாளே உள்ளங்கை அகலம் வீங்கிக் குளிர்க்காய்ச்சல். என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து நேராக இங்கே கொண்டுவந்துவிட்டார். ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் உடனே தனி ரூமில் போட்டார்கள். வெள்ளை அணுக்கள் ரொம்பக் கம்மியாம். கிருமியோடு சண்டை போடுகிறவை அவைதானாம். எனக்குச் சண்டைக்கு ஆளே இல்லை.

இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். "காய்ச்சல் இருக்கும்போது வேண்டாம். கிருமிக்கும் இரும்பு வேணும், நாமளே தீனி போடக்கூடாது," என்றார் சின்ன டாக்டர். பெயர் பிரிசில்லா. மோகனாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார்.

சத்து என்று தின்றது கிருமிக்குத் தீனியா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

2024 செப்டம்பர் 6

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. கட்டியைக் கீறிவிட்டார்கள்.

எந்த ஊர் என்று டாக்டர் பிரிசில்லா கேட்டார். சொன்னதும் டேனரி, கிணறு, என் வீட்டுக்காரர் வேலை எல்லாம் விசாரித்தார். எனக்கும் அவருக்கும் குரோமியம், ஈயம் இரண்டும் பார்க்க ரத்தமும் சிறுநீரும் அனுப்பியிருக்கிறார்கள்.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். கால்தான் மரத்துப்போயிருக்கிறது, இடுப்பு மரக்கவில்லை.

2024 செப்டம்பர் 10

எழுதவா வேண்டாமா.

பெரிய டாக்டர் வந்தார். மஜ்ஜையில் அணுக்கள் சரியாக வளரவில்லையாம், உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கிறதாம். "இது சில பேருக்குப் பிற்பாடு ரத்தப் புற்றுநோயா மாறலாம். இப்பவே முடிவா சொல்ல முடியாது. இன்னும் சில டெஸ்ட் வரணும்," என்றார். நல்ல மனுஷர், தோளைத் தொட்டுத்தான் சொன்னார். ஆனாலும் அந்த ஒரு சொல் விழுந்த பிறகு அவர் பேசியது எதுவும் காதில் ஏறவில்லை.

அவர் போனபிறகு என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். முதுகு குலுங்கியது. கல்யாணமானதிலிருந்து அவர் அழுது பார்த்ததில்லை.

"நான்தான் கொண்டாந்தேன்," என்றார்.

"இன்னாது?"

"அந்தக் குரோமத்த. சட்டையில. நீதானே என் சட்டைய துவைக்கிற. டிரம்முல நிக்கிறவன் நான், எனக்கு ஒண்ணும் ஆவல. உனக்கு வந்துடுச்சு."

கைகளை விரித்துக் காட்டினார். விரல் இடுக்கில் சின்னச் சின்னக் குழிப் புண்கள், எப்போதும் இருப்பவைதான். நான் இத்தனை நாளாகத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்ட புண்கள்.

"வேலைய வுட்டுர்றேன்," என்றார். விட்டால் என்ன செய்வது?

நான் செத்துப்போய்விடுவேனா?

2024 செப்டம்பர் 14

டாக்டர் பிரிசில்லா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "அக்கா, உங்க கால் மரத்துப்போறது எனக்கு இடிக்குது. மஜ்ஜைல மட்டும் வியாதின்னா கால் ஏன் மரக்கணும்? வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமில்ல டாக்டர். அந்த இரும்பு மாத்திரைதான்."

"நாட்டு மருந்து? லேகியம்? பஸ்பம்?"

"இல்ல."

"சத்து மாத்திரை?"

"அது இருக்குது. ஆனா அது மருந்து இல்லையே. ஜிங்க்தான்."

பேனாவை மூடிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார். "எத்தன?"

சொன்னேன். எத்தனை வருடமாக என்று கேட்டார். அதையும் சொன்னேன். "டப்பாவ எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இன்னைக்கே," என்றார். கோபமா சந்தோஷமா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் மோகனா கொண்டுவந்தாள். டாக்டர் டப்பாவைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்தார். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை செம்பு பார்க்கவாம்.

செம்பு எதற்கு?

2024 செப்டம்பர் 19

டாக்டர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

என் ரத்தத்தில் செம்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஜிங்க் எக்கச்சக்கம். புற்றுநோய் இல்லை. இல்லை. இல்லை என்று அவர் இரண்டு தரம் சொன்னார், நான் மூன்றாவது தரம் கேட்டேன்.

குடலில் ஒரு புரதம் இருக்கிறதாம். ஜிங்க் அதிகமாகப் போனால் அது நிறைய உண்டாகுமாம். உண்டாகிறது ஜிங்குக்காக, ஆனால் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்வது செம்பை. பிடித்த செம்பை உள்ளே விடாமல் மலத்தோடு வெளியே அனுப்பிவிடும். செம்பு இல்லாமல் வெள்ளை அணு வளராது. நரம்பும் கெடும், அதனால்தான் கால். உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்திருக்கிறது. "இருக்கு அக்கா, ஆனா அதத் தூக்கிட்டுப்போய் சேர்க்கிற ஆள் செம்பு. அந்த ஆள் இல்ல," என்றார்.

"அப்ப அந்த வீடியோல சொன்னது பொய்யா டாக்டர்? நாற்காலி?"

யோசித்துவிட்டுச் சொன்னார். "முழுப் பொய்யின்னு சொல்ல முடியாது. அதான் பேஜாரே. ஈயம், காட்மியம் எல்லாம் நல்ல சத்தோட இடத்தப் புடிக்கும், அது உண்மை. இரும்பு, ஜிங்க் கம்மியா இருக்கிற உடம்புல விஷம் சுலபமா ஏறும், அதுவும் உண்மை. அதனால தேவையான அளவு இருக்கணும். நீங்க அளவுக்கு மேல போய்ட்டீங்க. விஷத்த விரட்டப்போன ஜிங்க் வீட்டு ஆளயும் சேர்த்து விரட்டிடுச்சு."

"குரோமியம்?"

"உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு உங்களைவிட ஜாஸ்தி."

அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை! எனக்கு மட்டும் எல்லாம். அதிகம் இருக்கிறவருக்கு ஒன்றுமில்லை, கம்மியாக இருக்கிறவளுக்கு உயிர் போகப் பார்த்தது. நல்லதைத் தின்று கெட்டேன். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது.

2024 செப்டம்பர் 20

சந்தோஷப்பட வேண்டிய நாள். கோபமாக இருக்கிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

2024 செப்டம்பர் 29

வீட்டுக்கு வந்தாயிற்று. செம்பை ஊசியாக ஏற்றினார்கள், இனி மாத்திரை. பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

அக்தரி அக்கா வந்தார். ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடாததால் இன்றுதான் பார்க்கிறார். மோகனா எல்லாவற்றையும் போனில் சொல்லியிருக்கிறாள் போல. கதவருகிலேயே நின்றார். புர்கா முகத்திரையைத் தூக்கியபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அந்த டப்பாவ நான்தானே குடுத்தேன்," என்றார்.

"நீ ரெண்டு வேளை போடுன்னுதானே சொன்ன. நான்தான் அஞ்சாக்கினேன்."

"ரெண்டும் ஜாஸ்தியாமே. என் புள்ளைக்கு போன் போட்டு கத்தினேன். அவன் இன்னா பண்ணுவான் பாவம், அங்க பெரிய கடையில வாங்கினது. எங்க வூட்லயும் எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டேன்."

பிறகு உள்ளே வந்து என் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு தேய்த்துவிட்டார். தேய்ப்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. சொல்லவில்லை. "நல்லா இருக்குதுக்கா," என்றேன்.

2024 அக்டோபர் 8

தனகோடி அண்ணன் வந்தார். கூட்டம் அடுத்த மாதம். ஊரில் எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறாராம்.

செம்பு விஷயத்தைச் சொன்னேன். நம்பாமல் பார்த்தார். ரிப்போர்ட்டை மோகனா படித்துக் காட்டினாள். குரோமியம் என்ற இடம் வந்ததும், "இதோ கூட இருக்குதுல்ல? இது பொய்யா?" என்றார்.

"பொய்யில்லண்ணே. ஆனா என் நோவு அதால வரல."

"செண்பகம், நான் உன்ன பொய் சொல்லச் சொல்லல. குரோமியம் கூட இருக்குதுன்னு சொல்லு, காய்ச்சல் வந்துச்சுன்னு சொல்லு, ஆஸ்பத்திரில இருந்தேன்னு சொல்லு. எல்லாம் நெசம்தானே? செம்ப பத்தி எவன் கேக்கப் போறான்?"

எல்லாம் நிஜம்தான். ஒவ்வொன்றாக எடுத்தால் நிஜம். சேர்த்து வைத்தால் பொய். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? தோப்பு பட்டுப்போன மனுஷர். இருபது வருடமாக அவர் பேச்சை எவனும் காதில் வாங்கவில்லை. எனக்கு நோய் என்று கேட்டபோது அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அது கெட்ட எண்ணம் இல்லை. இருந்தாலும் தெரிந்தது.

2024 அக்டோபர் 15

இன்று எதிர்ப்பக்கம். டேனரி சூப்பர்வைசர் இஷ்தியாக் அகமது ஆப்பிள், ஆரஞ்சு எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் வீட்டுக்காரருக்கு லீவு கொடுத்தவர் இவர்தான், அதை மறக்கக்கூடாது.

"அல்லா காப்பாத்தினான் தங்கச்சி. உன் வூட்டுக்காரன் காசிதான் சொன்னான், மாத்திரையால வந்ததுன்னு."

"ஆமாங்க பாய்."

"அத கூட்டத்துல வந்து சொல்லணும் நீ. ஊருக்குள்ள நம்ம டேனரியால நோவுன்னு பேசுறாங்க. டாக்டரே இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல? உன் வாயால சொன்னா போதும்."

"டாக்டர் எனக்குதான் இல்லன்னாங்க. ஊருக்கு இல்லன்னு சொல்லல."

அவர் சிரித்தார். "நீ உன்ன பத்தி மட்டும் சொல்லு. ஜாஸ்தி பேச வேணாம்." போகும்போது என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். என்ன பேசினார்களோ.

தனகோடி அண்ணனும் பொய் சொல்லச் சொல்லவில்லை. இந்தப் பாயும் சொல்லவில்லை. என் நோயில் பாதியை அவர் கேட்கிறார், மீதியை இவர் கேட்கிறார்.

2024 அக்டோபர் 22

வேலூர் போய் வந்தேன். வெள்ளை அணு ஏறியிருக்கிறது. டாக்டர் பிரிசில்லா காகிதத்தை என் முன்னால் ஆட்டிக் காட்டினார். கால் மட்டும் முழுசாகத் திரும்புமா என்று உறுதி சொல்ல மாட்டேன் என்றார்.

கேட்டுவிட்டேன். "டாக்டர், எங்க ஊரு தண்ணி கெட்டதா, நல்லதா?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"என்ன டாக்டர், நீங்களே இப்டி சொன்னா?"

"தெரியாதத தெரியாதுன்னுதான சொல்ல முடியும்? உங்க காய்ச்சலுக்குக் காரணம் குரோமியம் இல்ல. அது எனக்குத் தெரியும். உங்க உடம்புல அந்தக் குரோமியம் எப்படி வந்துச்சு, தண்ணியா, அவர் சட்டையா, அது நாளைக்கு என்ன செய்யும், தெரு முழுக்க எத்தன பேருக்கு இருக்கு, இதெல்லாம் யாராவது பாத்தாத்தான் தெரியும். ஒருத்தர் ரத்தத்த வச்சு ஊர எப்படிச் சொல்றது? உங்க வீட்டுக்காரர் கைப் புண்ண மட்டும் கட்டாயம் தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. குரோமியம் மூக்கையும் அரிக்கும், மூக்குக்குள்ளயும் பாக்கச் சொல்லுங்க."

பஸ்ஸில் வரும்போது, எவ்வளவு படித்தவர், தெரியாது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அந்த வீடியோக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

2024 நவம்பர் 5

நாளைக்குக் கூட்டம். போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால்? உடம்பு சரியில்லை என்றால் எல்லோரும் நம்புவார்கள்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உன் உடம்பு, உன் பேச்சு. என்னிய பாத்து பேசாத," என்றார்.

2024 நவம்பர் 6

போனேன்.

கல்யாண மண்டபம். மணமக்கள் உட்காருகிற மேடையில் அதிகாரிகள். இடது பக்கம் டேனரி ஆட்கள், என் வீட்டுக்காரரும் அவர்களோடுதான் உட்கார வேண்டியிருந்தது. வலது பக்கம் தெருக்காரர்கள். நடுவில் மைக். மோகனா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். தரை காலுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நடை. மண்டபமே என் காலைத்தான் பார்த்தது.

தனகோடி அண்ணன் என்னைக் காட்டி, "பாருங்க சார், எப்படி இருந்த பொண்ணு," என்றார்.

மைக்கைப் பிடித்தேன். நான் பேசியதை நினைவிருக்கிறவரை எழுதுகிறேன்.

"என் பேரு செண்பகம். எனக்கு வந்த நோவு தண்ணியால வரல. ஜிங்க் மாத்திரைய அளவில்லாம துன்னேன், அதால செம்பு போய்டுச்சு, எதிர்ப்பு சக்தி போய்டுச்சு. பெரிய ஆஸ்பத்திரில டெஸ்ட் பண்ணி சொன்னாங்க."

வலது பக்கம் சலசலப்பு. பின்னாலிருந்து ஒருத்தன், "வீட்டுக்காரன் அங்க வேல செய்றான்ல, அதான்," என்று கத்தினான். தனகோடி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இஷ்தியாக் பாய் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு அதிகாரி, "சரிம்மா, உட்காருங்க," என்றார்.

உட்கார்ந்திருப்பேன். கால்தான் எனக்கு உடனே திரும்பாது. திரும்ப எத்தனித்தபோது எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசை கண்ணில் பட்டது. அதில் ரெண்டு பேர் என் பேச்சைக் கேட்டு அதே மாத்திரையை வாங்கித் தின்கிறவர்கள்.

"சார், இன்னும் முடிக்கல. அந்த மாத்திரைய நான் ஏன் துன்னேன்னு யாரும் கேக்கலையே? எங்க தெரு கிணத்துல தண்ணி மஞ்சளா வருது. அதுல இன்னா இருக்குதுன்னு யாரும் எங்களுக்கு சொன்னதில்ல. என் வூட்டுக்காரர் கையில ஓட்ட ஓட்டயா புண்ணு. அது இன்னான்னும் யாரும் சொன்னதில்ல. பயந்தேன். எவனோ போன்ல வந்து இத துன்னா விஷம் போய்டும்னான், துன்னேன். ருசிக்கா துன்னேன்? தெரிஞ்சிருந்தா நான் ஏன் இப்டி ஆவப் போறேன்? எனக்குக் குரோமியம் கூட இருக்குது. அவருக்கு என்னவிட கூட இருக்குது. தெருவுல மத்தவங்களுக்கு எவ்ளோ? உங்களுக்குத் தெரியுமா? பாய்க்குத் தெரியுமா? தனகோடி அண்ணனுக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது. எல்லா கிணத்தயும் பாருங்க. எல்லார் ரத்தத்தயும் பாருங்க. டிரம்முல நிக்கிறவங்களுதையும் பாருங்க. பாத்து சொல்லிட்டு அப்புறம் பெருசாக்குறதா வேணாமான்னு பேசுங்க."

கை தட்டவில்லை யாரும். இடது பக்கமும் இல்லை, வலது பக்கமும் இல்லை. இதற்கு எந்தப் பக்கம் தட்டுவது என்று அவர்களுக்கே தெரியவில்லை போல. அந்த அதிகாரி மட்டும் ஏதோ குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது தனகோடி அண்ணன் என்னைப் பார்க்காமல் போய்விட்டார். அதுதான் வலித்தது.

2024 நவம்பர் 7

சரியாகப் பேசினேனா? உளறினேனா? மோகனா "சூப்பர்மா" என்கிறாள். அவள் எதற்கும் அதையே சொல்வாள்.

2024 நவம்பர் 20

அவரை டிரம்மிலிருந்து எடுத்துவிட்டார்கள். லாரியில் தோல் ஏற்றுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். ஓவர்டைம் கிடையாது. என்னால்தானே என்றேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆறினு வருது," என்றார். அவ்வளவுதான். தண்டனையா நல்லதா என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

2024 டிசம்பர் 12

கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். பெடலை மிதிக்கிறேனா இல்லையா என்று காலுக்குத் தெரிவதில்லை, குனிந்து பார்த்து மிதிக்கிறேன். பாதி வேகம்தான். தைத்ததைச் சரிபார்க்கிற மேசைக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அக்தரி அக்கா பக்கத்து மெஷினில் யாரையும் உட்காரவிடாமல் வைத்திருந்தாராம்.

தனகோடி அண்ணன் தெருவில் எதிரே வந்தார். வரப்பில் திரும்புகிற மாதிரி சந்துக்குள் திரும்பிவிட்டார்.

2025 ஜனவரி 21

மூன்று நாளாகச் சளி. பொங்கலுக்கு வந்த பனியில் தெருவில் எல்லோருக்கும். மூக்கு ஒழுகியது, தொண்டை கரகரத்தது. முதல் நாள் பயந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேலூருக்குப் போகலாமா என்று சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். மிளகு ரசம் குடித்துவிட்டுப் படுத்தேன்.

இன்று காலையில் கதவு தட்டும் சத்தம். தனகோடி அண்ணன். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார், அவருக்கும் இருக்கிறது. உள்ளே வரவில்லை. "ஸ்கூல்ல ரத்தம் எடுக்க வந்திருக்காங்க. தெரு தெருவா. கிணத்துத் தண்ணியும் எடுக்குறாங்க," என்றார். பெரிதாக்குகிற விஷயத்தை அந்த முடிவு வரும்வரை தள்ளிவைத்திருக்கிறார்களாம். ரிசல்ட் எப்போது வரும், வந்தால் யார் என்ன செய்வார்கள், ஒன்றும் தெரியாது. மறுபடி மூக்கைத் துடைத்தார். "பொம்பளைங்க ஊசின்னு பயப்புடுறாங்க. நீ வந்து ஒக்காந்தினா வருவாங்க. வரியாமா?"

செருப்பை மாட்டினேன், வார் ஏறியதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன். அவர் என் நடைக்குத் தகுந்தபடி மெதுவாக நடந்து வந்தார். ஸ்கூல் வாசலில் வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன். மூக்கு அடைப்பு இல்லை. தொண்டை கரகரப்பு இல்லை. காய்ச்சலும் வரவில்லை.

சளி. வெறும் சளி. எல்லோருக்கும் வருகிற மாதிரி வந்தது, எல்லோருக்கும் போகிற மாதிரி போய்விட்டது.